கொக்கைக் கொடுத்துப் பட்டாணி வாங்கிய கதை

கொக்கைக் கொடுத்துவிட்டார்கள் என்ற செய்தி வந்தபோது நான் ஒரு ஜவுளிக்கடையின் லிஃப்ட் குழிக்குள் நின்றுகொண்டிருந்தேன். குழி என்றால், லிஃப்ட் கடைசியாக வந்து நிற்கும் தளத்துக்கும் கீழே இருக்கும் பள்ளம். எண்ணெய் வாடை, பஞ்சுத் தூசி, வாடிக்கையாளர்கள் தவறவிட்ட ஹேர்பின், ஒற்றைக் கம்மல் எல்லாம் அங்கேதான் வந்து அடையும். லிஃப்ட் பழுது பார்ப்பதுதான் என் பிழைப்பு. சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. விட்டுவிட்டேன். மறுபடி அதிர்ந்தது. மூன்றாம் முறையும் அதிர்ந்ததும், வீட்டில் யாருக்கோ என்னவோ என்று பதறி எடுத்தேன்.

என் மாமியார்.

"மாப்பிள்ளை, உட்கார்ந்திருக்கீங்களா?"

"குழிக்குள்ள நிக்கிறேன் அத்தை."

"அப்ப சரி. அதுக்குக் கீழ விழ இடமில்ல. கொக்கைக் கொடுத்துட்டாங்க."

"யாருக்கு?"

"ஆரஞ்சுக்கு."

கொக்கு எங்கள் வாலிபால் டீமின் கேப்டன். எட்டு வருஷமாகப் பச்சை ஜெர்சி போட்டவன். ஆறரை அடி உயரம், கையும் காலும் குச்சி குச்சியாக இருக்கும். நெட்டுக்கு மேலே எழும்பினான் என்றால் இறங்க மறந்தவன் மாதிரி ஒரு கணம் அங்கேயே நிற்பான். அந்த ஒரு கணத்தில் எதிர் டீமின் தடுப்பு ஆட்டக்காரர்கள் கீழே வந்துவிடுவார்கள், அவன் அதற்குப் பிறகு நிதானமாக அடிப்பான். அவனைப் போய் ஆரஞ்சுக்கா? ஆரஞ்சு என்றால் பக்கத்து நகரத்து டீம். எங்களுக்கும் அவர்களுக்கும் எலியும் பூனையும்தான்.

"பதிலுக்கு யாரை வாங்கியிருக்காங்க?"

"பட்டாணியை."

பட்டாணி ஆடி நான் பார்த்ததே இல்லை. பெஞ்சில் உட்கார்ந்து மற்றவர்களுக்குத் துண்டு எடுத்துக் கொடுப்பதைத்தான் பார்த்திருக்கிறேன். இருபத்தொரு வயசு. அடிக்கிறவர்களுக்குப் பந்தைத் தூக்கிக் கொடுக்கும் செட்டர். நெட்டுக்குப் பக்கத்தில் நின்றால் நெட் கொஞ்சம் உயர்ந்துவிட்டதோ என்று தோன்றும், அவ்வளவு குட்டை.

"என்ன அத்தை அநியாயம் இது!"

"எனக்கென்னவோ நல்ல வேலைன்னுதான் தோணுது மாப்பிள்ளை."

நான் நிமிர்ந்தேன். இரும்புச் சட்டத்தில் மண்டை இடித்தது. எங்கள் வீட்டுச் சண்டை அந்த நிமிஷத்தில்தான் ஆரம்பமானது.

அத்தையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பஸ் நிலையத்தில் அறிவிப்பு வாசிக்கிறவர் அவர்தான். எந்த பஸ் எந்த இடத்தில் நிற்கிறது, எது தாமதம் என்று காலையிலிருந்து சாயங்காலம் வரை மைக்கில் சொல்வார். மைக் இல்லாமலே மூன்றாவது வரிசையில் தூங்குகிறவனை எழுப்பிவிடக்கூடிய குரல். அவருடைய பெண்ணைக் கட்டிக்கொள்ள விரும்புகிறேன் என்று சொல்ல முதன்முதலில் அவர் வீட்டுக்குப் போனபோது வாசலிலேயே நிறுத்தி இரண்டு கேள்வி கேட்டார். "என்ன வேலை?" சொன்னேன். "எந்த டீம்?" பச்சை என்றேன். "உள்ள வாங்க" என்றார்.

அன்றிலிருந்து சனிக்கிழமை தோறும் எல்லா ஆட்டத்துக்கும் நாங்கள் இருவரும்தான் போவோம். கிழக்கு கேலரியில் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. என் மனைவி மருந்துக்கடையில் வேலை பார்க்கிறாள். அவளுக்கு இந்தப் பைத்தியம் கிடையாது. "உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல நான்தான் வீட்டுக்கு வந்த மருமக மாதிரி இருக்கேன்" என்பாள்.

கொக்கு போன அன்று சாப்பாட்டு மேஜையில் யாரும் சாப்பிடவில்லை. என் மனைவி மட்டும் சாப்பிட்டாள்.

"அவன் முட்டியைப் பாருங்க மாப்பிள்ளை. போன சீசன்ல எழும்பின உயரம் இப்ப எழும்பறானா? இருந்தாலும் எல்லாப் பந்தும் அவனுக்குத்தான் போகுது. ஒரே ஆளை நம்பி ஆடுற டீம், அந்த ஆளுக்குக் காய்ச்சல் வந்தா சேர்ந்து படுத்துக்கும்."

"விசுவாசம்னு ஒண்ணு இருக்கு அத்தை. எட்டு வருஷம்!"

"விசுவாசம் பாயிண்ட் எடுக்குமா?"

"நீங்க சொல்றது சுத்தப் பைத்தியக்காரத்தனம்னு பணிவோட சொல்லிக்கிறேன்."

"அதை நான் மரியாதையோட ஏத்துக்க மறுக்கிறேன்."

எங்கள் சண்டை எப்போதும் இப்படித்தான். ஒருவரை ஒருவர் 'ங்க' போட்டே கிழித்துக்கொள்வோம். என் மனைவி தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள். "தொட்டுக்க ஏதாவது வேணும்னா கேளுங்க. இல்லாட்டி ஒருத்தரையொருத்தர் தொட்டுக்கங்க."

கொக்கைக் கொடுத்ததோடு முடிந்திருந்தால் நாங்களும் ஒரு வாரம் முறைத்துக்கொண்டு சமாதானமாகியிருப்போம். ஆனால் அதற்குள் முதலாளிகள் ஆரம்பித்துவிட்டார்கள்.

பச்சை டீமுக்கு இரண்டு முதலாளிகள். ஆளுக்குப் பாதி. பெரியவர் சிமெண்ட் வியாபாரி, சின்னவருக்கு ஊரெல்லாம் பேக்கரி. பெரியவரின் மனைவி சின்னவருடைய அக்கா. அதனால் பத்திரிகைக்காரர்கள் எங்களை 'மாமன் மச்சான் டீம்' என்றே எழுதுவார்கள். கொக்கைக் கொடுத்தது பெரியவர் செய்த வேலை. சின்னவரிடம் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. சின்னவர் அதைப் பேப்பரில் படித்துத்தான் தெரிந்துகொண்டாராம். அன்று மத்தியானமே, பெரியவர் வைத்திருந்த கோச்சை வீட்டுக்கு அனுப்பிவிட்டார். 'என் கேப்டனைக் கேக்காம கொடுத்தீங்க இல்ல, உங்க கோச்சைக் கேக்காம அனுப்பறேன்' என்ற கணக்கு.

பெரியவர் சும்மா இருப்பாரா? வெளிநாட்டிலிருந்து ஒரு கோச்சை இறக்கினார். மார்பு வரைக்கும் வெள்ளைத் தாடி. மூன்று நாட்டுத் தேசிய அணிகளுக்குச் சொல்லிக்கொடுத்தவர். சின்னவர் விடுவாரா? தன்னுடைய கல்லூரி நண்பர் ஒருவரைக் கோச் என்று அறிவித்தார். அந்த மனிதருக்கு ரசிகர்கள் வைத்த பெயர் விசில். தண்ணீர் குடிக்கச் சொல்வதற்கும் விசில், நிறுத்தச் சொல்வதற்கும் விசில், சபாஷ் சொல்வதற்கும் விசில். அதற்கு முன்னால் அவர் பார்த்துக்கொண்ட மூன்று டீமும் கடைசி இடத்தில்தான் முடித்தன.

ரசிகர்கள் பயிற்சியைப் பார்க்கலாம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை கதவைத் திறந்துவிட்டார்கள். நானும் அத்தையும் பேசாமல் ஒரே பஸ்ஸில் போய், பேசாமல் ஒரே வரிசையில் உட்கார்ந்தோம். களத்தின் இந்த மூலையில் தாடி. அந்த மூலையில் விசில். தாடி கையைக் காட்டி ஏதோ சொன்னார், ஆட்டக்காரர்கள் இந்தப் பக்கம் ஓடிவந்தார்கள். பீய்ங் என்று விசில் கேட்டது, அந்தப் பக்கம் ஓடினார்கள். கொஞ்ச நேரத்தில் யார் பேச்சைக் கேட்பது என்று தெரியாமல் எல்லோரும் நடுவில் நின்றுவிட்டார்கள். பட்டாணிக்கு அது முதல் நாள். கையில் ஒரு பந்தை வைத்துக்கொண்டு, காணாமல் போன குழந்தை மாதிரி இரண்டு பக்கமும் பார்த்தான்.

பிறகு யாரும் சொல்லாமலே பந்தை மேலே போட்டான். விரல் நுனியில் வாங்கி, தலைக்குப் பின்னால், திரும்பிக்கூடப் பார்க்காமல் தூக்கிவிட்டான். பந்து வலது ஓரத்தில் நெட்டுக்கு மேலே ஒரு சாண் உயரத்தில், அடிக்கிறவன் கைக்கு வாட்டமாகப் போய் நின்றது. அங்கே யாருமே இல்லை. பந்து தரையில் விழுந்தது. மறுபடி எடுத்து மறுபடி தூக்கினான். அதே இடம்.

அத்தை என் முழங்கையை இடித்தார். நான் கவனிக்காத மாதிரி இருந்தேன். கவனித்தேன்.

"தாடி நல்லாத் தெரியறாரு" என்றார் பஸ்ஸில் வரும்போது.

"தாடி மட்டும்தான் தெரியுது. ஆனா அந்த விசில் வேணவே வேணாம் அத்தை."

"விசிலா? அய்யய்யோ! அவரைப் போடறதுக்கு நானே போய் நிக்கலாம்."

அந்த ஒரு விஷயத்தில் எங்களுக்குள் ஒற்றுமை வந்தது.

இரண்டு மாசம் இப்படியே இழுத்தது. மாமனும் மச்சானும் டி.வி.யில் தனித்தனியாக வந்து தனித்தனியாகத் திட்டினார்கள். கடைசியில் லீக் நிர்வாகம் பொறுமை இழந்து ஒரு அறிக்கை விட்டது. வெள்ளிக்கிழமை மாலைக்குள் ஒரே ஒரு கோச்சின் பெயர், இரண்டு முதலாளிகளும் நேரில் வந்து போட்ட கையெழுத்தோடு வேண்டும். இல்லையென்றால் இந்த சீசனில் பச்சை கிடையாது.

பச்சை கிடையாது! கொக்கு இல்லாத பச்சையைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். பச்சையே இல்லாத சனிக்கிழமைகளை என்ன செய்வது?

அந்த வெள்ளிக்கிழமை மத்தியானம் கம்பெனியிலிருந்து அழைப்பு வந்தது. பன்னிரண்டு மாடி அலுவலகக் கட்டடம், லிஃப்ட் நடுவில் நின்றுவிட்டது, உள்ளே ஆள் இருக்கிறது. நானும் என்னோடு வேலை பார்க்கும் அண்ணனும் வண்டியை விரட்டினோம். அண்ணனுக்கு விளையாட்டு என்றாலே கொட்டாவி வரும். அவரிடம் என் கவலையைச் சொல்லிக்கொண்டே போனேன், அவர் கொட்டாவி விட்டுக்கொண்டே வந்தார்.

வாசலில் காவலாளி ஓடிவந்தார். "நாலாவது மாடிக்கும் அஞ்சாவது மாடிக்கும் நடுவுல சார். ரெண்டு பேரு. ஒரே சத்தம். பயத்துல கத்தறாங்கன்னு நினைச்சேன், கேட்டா சண்டை போடறாங்க."

கட்டடத்தின் பெயர்ப் பலகையை அப்போதுதான் பார்த்தேன். ஒன்பதாவது மாடி, லீக் தலைமை அலுவலகம்.

மாட்டிக்கொண்டவர்களை வெளியே எடுப்பதற்கு எங்கள் தொழிலில் ஒரு முறை இருக்கிறது. ஒருவர் மொட்டை மாடியில் மோட்டார் இருக்கும் அறைக்குப் போய், கரண்ட்டை நிறுத்தி, பிரேக்கை விட்டு, சக்கரத்தைக் கையால் சுற்றி லிஃப்டைத் தளத்துக்குச் சமமாகக் கொண்டுவர வேண்டும். இன்னொருவர் கதவுக்குப் பக்கத்தில் நின்று உள்ளே இருப்பவர்களோடு பேசிக்கொண்டே இருக்க வேண்டும். அண்ணன் மேலே போனார். நான் நாலாவது மாடிக் கதவைச் சாவி போட்டுத் திறந்தேன். லிஃப்டின் அடிப்பாகம் என் கழுத்து உயரத்தில் நின்றது. உள்கதவு ஒரு கை அளவு திறந்திருந்தது. அந்த இடுக்கில் இரண்டு ஜோடிக் கால்கள். ஒன்று பளபளக்கும் பிரவுன் ஷூ. இன்னொன்று வெள்ளை கேன்வாஸ்.

"உள்ள இருக்கிறவங்க பயப்படாதீங்க. காத்து வரும், மூச்சு முட்டாது. இடுக்கு வழியா மட்டும் குதிச்சிடாதீங்க, கீழ குழி. கொஞ்ச நேரத்துல இறக்கிடுவோம்."

"கொஞ்ச நேரம்னா எவ்வளவு நேரம்யா?" கனத்த குரல். இரண்டு மாசமாக டி.வி.யில் கேட்ட குரல்.

"அவருக்கு எப்பவும் அவசரம்தான்" என்றது இன்னொரு குரல். "யாரையும் கேக்காம செய்யற அவசரம்."

பெரியவரும் சின்னவரும்! இரண்டு பேரும் ஒரே லிஃப்டில்!

அண்ணன் போன் செய்தார். மோட்டார் அறை பூட்டியிருக்கிறது, சாவி மேனேஜரிடம் இருக்கிறது, அவர் வெளியே போயிருக்கிறார், காவலாளி தேடப் போயிருக்கிறார். அதை வைத்த கையோடு இன்னொரு அழைப்பு. அத்தை.

"மாப்பிள்ளை, ஏதாவது தெரிஞ்சுதா? சாயங்காலம் ஆகப்போகுது, ரெண்டு பேரும் எங்க போய்த் தொலைஞ்சாங்க?"

"என் தலைக்கு மேலதான் இருக்காங்க அத்தை."

"விளையாடாதீங்க."

"சத்தியமா. லிஃப்ட்ல மாட்டியிருக்காங்க. பெரியவர் பிரவுன் ஷூ, சின்னவர் கேன்வாஸ்."

அந்தப் பக்கம் ஒரு பஸ் ஹாரன் மட்டும் கேட்டது. பிறகு அத்தையின் குரல், மைக்கில் பேசும் குரல், வந்தது. "ஸ்பீக்கர்ல போடுங்க."

"அத்தை, அதெல்லாம் வேணாம்..."

"போடுங்க மாப்பிள்ளை."

என் விரல் தானாகப் போய் அழுத்தியது.

"வணக்கம்" என்றார் அத்தை. நாலாவது மாடி முழுக்க எதிரொலித்தது. "என்னை உங்களுக்குத் தெரியாது. உங்க டீமை எனக்கு உங்களைவிட நல்லாத் தெரியும்."

"யாரும்மா அது?" என்றார் பெரியவர்.

"என் மாமியார் சார்" என்றேன்.

"லிஃப்டுக்கும் மாமியாருக்கும் என்னய்யா சம்பந்தம்?"

"ஒரு சம்பந்தமும் இல்ல சார். நாங்க பச்சை."

"பெரியவரே, கொக்கைக் கொடுத்தீங்க பாருங்க, அது நல்ல வேலை" என்றார் அத்தை.

என்னால் பொறுக்க முடியவில்லை. "நல்ல வேலையா? அது பச்சைத் துரோகம் சார்!"

"மாப்பிள்ளை, நான் பேசிக்கிட்டிருக்கேன்."

"பேசுங்க அத்தை. ஆனா தப்பாப் பேசாதீங்க."

"எது தப்பு? அவன் முட்டியில தண்ணி எடுத்தாங்களே, அது தப்பா?"

"அந்த முட்டியை வச்சுக்கிட்டுத்தான் போன வருஷம் நம்மளை அரையிறுதிக்குக் கொண்டுபோனான்!"

"போய்? அரையிறுதியில என்ன ஆச்சு? சொல்லுங்க. வெட்கப்படாம சொல்லுங்க மாப்பிள்ளை."

"பணிவோட கேக்கறேன் அத்தை, உங்களுக்கு மனசுன்னு ஒண்ணு..."

மேலே யாரோ சிரித்தார்கள். கேன்வாஸ் ஷூ ஆடியது. "மாமா" என்றார் சின்னவர், "இவங்க நம்மளைவிட மோசமா இருக்காங்க."

மாமா என்று கூப்பிட்டது எனக்கே உறைத்தது. டி.வி.யில் இரண்டு மாசமாக 'அந்த நபர்' என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

"ஆனா இந்தத் தம்பி சொல்றதுதான் சரி" என்று சின்னவர் தொடர்ந்தார். "எட்டு வருஷம் உழைச்சவனை என்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம வித்துட்டீங்க."

"நான் விக்கலைடா" என்றார் பெரியவர். குரல் இறங்கியிருந்தது. "அவனாத்தான் கேட்டான்."

நான் இடுக்கில் காதை வைத்தேன். போனை உயர்த்திப் பிடித்தேன்.

"அவன் பொண்டாட்டிக்கு அந்த ஊர் ஆஸ்பத்திரியில வேலை. ரெண்டு குழந்தைங்க. மாசத்துக்கு நாலு தடவை பாத்தா அதிகம். 'என்னை அங்க அனுப்பிடுங்க சார், ஆனா நான் கேட்டேன்னு வெளிய சொல்லாதீங்க, ஜனங்க அவளைத் திட்டுவாங்க'ன்னான். என்னைத் திட்டட்டும்னு விட்டுட்டேன்."

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?"

"எத்தனை தடவை போன் போட்டேன்? நீ எடுத்தியா? உங்க அக்காகிட்ட சொல்லிவிடச் சொன்னேன். 'உங்க பந்து விளையாட்டுல என்னை இழுக்காதீங்க'ன்னுட்டா."

நான் சுவரில் சாய்ந்தேன். இரண்டு மாசமாக நெஞ்சில் சுமந்த கோபத்தை எங்கே இறக்கி வைப்பது என்று தெரியவில்லை. பணத்துக்காக விற்றார்கள், பொறாமையில் விற்றார்கள் என்று நான் யார் யாரிடமெல்லாம் அடித்துப் பேசினேன்! அவன் தன் குழந்தைகளோடு சேர்ந்து சாப்பிடப் போயிருக்கிறான்.

"பாவம்யா" என்றார் அத்தை போனில். மைக் குரல் இல்லை, சாதாரணக் குரல்.

அந்த நேரம் பார்த்து அண்ணனின் அழைப்பு குறுக்கே வந்தது. சாவி கிடைத்துவிட்டது, கரண்ட்டை நிறுத்திவிட்டேன், இறக்கவா என்றார். அத்தையிடம் திரும்பி விஷயத்தைச் சொன்னேன்.

"இப்ப இறக்காதீங்க மாப்பிள்ளை!" ஸ்பீக்கரை அணைத்துவிட்டதால் எனக்கு மட்டும்தான் கேட்டது. "இப்பத்தான் வாயைத் திறந்து பேசறாங்க. கோச் விஷயத்தையும் பேசி முடிக்கட்டும். ஒரு அஞ்சு நிமிஷம். சாவி கிடைக்கலைன்னு சொன்னா யாருக்குத் தெரியப்போகுது?"

எனக்கு ஆசையாகத்தான் இருந்தது. பொய் என்ன, மறந்த மாதிரி நின்றாலே போதும். ஒரு சீசன், அத்தனை சனிக்கிழமை, எல்லாம் அந்த இடுக்குக்கு அந்தப் பக்கம் இருந்தது. ஆனால் பிரவுன் ஷூவைப் பார்த்தேன். அதில் ஒன்று நடுங்கிக்கொண்டிருந்தது. அந்தக் கனத்த குரலுக்குள் அவ்வளவு நேரமும் பயம் இருந்திருக்கிறது.

"முடியாது அத்தை. உள்ள இருக்கிறது மனுஷங்க" என்றேன். அவர் பேச்சை நான் தட்டியது அதுதான் முதல் முறை. போனை வைத்துவிட்டு அண்ணனிடம் சொன்னேன். "இறக்குங்க. மெதுவா."

ஷூக்கள் என் கழுத்திலிருந்து நெஞ்சுக்கு, இடுப்புக்கு, முட்டிக்கு இறங்கின. முதலில் பேண்ட், பிறகு சட்டை, கடைசியில் வேர்த்த இரண்டு முகங்கள். கதவை முழுக்கத் தள்ளினேன். பெரியவர் வெளியே வந்து இரண்டு அடி வைத்து, படிக்கட்டில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். சின்னவர் தன்னிடமிருந்த தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினார்.

"இன்னொரு லிஃப்ட் ஓடுது சார். ஒன்பதாவது மாடிக்கு..." என்றேன்.

"ஜென்மத்துக்கும் ஏறமாட்டேன்" என்றார் பெரியவர்.

"அப்ப நடங்க மாமா. ஆபீஸ் மூடிடுவாங்க."

சின்னவர் கையைக் கொடுத்தார். பெரியவர் அதைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். இரண்டு பேரும் படி ஏறினார்கள். நான் கதவின் கெட்டுப்போன பாகத்தை மாற்றிக்கொண்டே காதைப் படிக்கட்டுப் பக்கம் வைத்திருந்தேன். ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று மூச்சு வாங்குவதும், தாடி, விசில், தாடி, விசில் என்று குரல் உயர்வதும் கேட்டது. ஏழாவது மாடிக்கு மேலே ஒன்றும் கேட்கவில்லை.

என்ன ஆனது என்று தெரியாமல் சாயங்காலம் பஸ் நிலையத்துக்கே போய்விட்டேன். வீட்டுக்குக் கூட்டம் திரும்பும் நேரம். கண்ணாடி அறைக்குள் அத்தை மைக்குக்கு முன்னால் உட்கார்ந்து எந்த பஸ் எங்கே என்று வாசித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் போனின் திரை ஒளிர்வது எனக்கு வெளியிலிருந்தே தெரிந்தது. வாசிப்பு பாதியில் நின்றது. ஐம்பது பஸ்ஸும் ஆயிரம் பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"பயணிகள் கவனத்துக்கு" என்றார் அத்தை. "பச்சை இருக்கு. மறுபடியும் சொல்கிறேன். இந்த சீசன்ல பச்சை இருக்கு!"

கண்டக்டர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் விசிலடித்தார்கள். ஒரு டிரைவர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை. முன்பின் தெரியாத ஒருவர் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, என் கருவிப் பை இடித்ததைக்கூடப் பொருட்படுத்தாமல் குதித்தார். நான் கண்ணாடியைத் தட்டி, கோச் யார் என்று சைகையில் கேட்டேன். அத்தை முகம் அஷ்டகோணலானது. வாயருகே விரலை வைத்து ஊதிக் காட்டினார்.

விசில்! நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து வேண்டாம் என்ற ஒரே ஆள். தாடி ஆலோசகராம். மாமனும் மச்சானும் பேசி முடித்தது அதுதான்.

முதல் ஆட்டமே ஆரஞ்சோடு, எங்கள் அரங்கத்தில்.

உள்ளே நுழைந்தபோது கூரை வரைக்கும் பச்சையாக இருந்தது. ஆரஞ்சு டீம் ஓடிவந்தது. கடைசியாகக் கொக்கு. அந்த நிறத்தில் அவனைப் பார்க்கவே ஒரு மாதிரி இருந்தது. கூட்டத்துக்குக் கைதட்டுவதா கேலியாகக் கூவுவதா என்று தெரியவில்லை. அவன் காரணத்தை யாரிடமும் சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனால் எழுந்து நின்று தட்டலாமே? தட்டினேன். பக்கத்தில் அத்தையும் எழுந்தார். எங்களுக்குப் பின்வரிசை, அதற்குப் பின்வரிசை என்று எழுந்து, கேலரி முழுக்க நின்றது. கொக்கு நெட்டைப் பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டான்.

அதற்குப் பிறகு அவன் எங்களைப் போட்டு வெளுத்தான். முதல் செட் போனது. இரண்டாவதும் போகப் பார்த்தது. விசில் ஒரே ஒரு தடவை ஊதிப் பட்டாணியை உள்ளே இறக்கினார். வெளியே நின்று ஏதும் சொல்லவில்லை, ஊதவும் இல்லை, கையைக் கட்டிக்கொண்டார். பட்டாணி பந்தைத் தூக்க ஆரம்பித்தான். வலப்பக்கம், இடப்பக்கம், தலைக்குப் பின்னால். இதுவரை கொக்குக்குப் பந்து கொடுத்தே பழகிய டீமில், அடிக்கத் தெரிந்தவர்கள் நாலு பேர் இருந்திருக்கிறார்கள் என்பது அன்றைக்குத்தான் எங்களுக்கே தெரிந்தது. இரண்டாவது செட் எங்களுக்கு. மூன்றாவது அவர்களுக்கு. நாலாவது எங்களுக்கு. அத்தை என் கையை நகம் பதியப் பிடித்திருந்தார்.

ஐந்தாவது செட், ஜெயிக்க எங்களுக்கு ஒரு பாயிண்ட் பாக்கி. ஆரஞ்சு செட்டர் கொக்குக்குத்தான் தூக்குவான் என்று அரங்கத்தில் இருந்த குழந்தைக்குக்கூடத் தெரியும். தூக்கினான். கொக்கு எழும்பினான். மேலே நின்றான். அடித்தான். பின்வரிசையில் எங்கள் ஆள் குப்புற விழுந்து ஒற்றைக் கையால் அதை எடுத்துவிட்டான்! பந்து நெட்டுக்குப் பக்கத்தில் உயர்ந்தது. பட்டாணி அடியில் வந்து நின்றான். எங்கள் ஆட்டக்காரர்கள் இரண்டு ஓரத்திலும் ஓடிவந்து குதித்தார்கள், ஆரஞ்சின் தடுப்பு அவர்களோடு குதித்தது. பட்டாணி யாருக்கும் தூக்கவில்லை. எம்பி, இரண்டு விரலால், பூவை எடுத்து வைக்கிற மாதிரி பந்தை நெட்டுக்கு அந்தப் பக்கம் வைத்தான். அது கொக்கின் காலடியில் விழுந்தது.

நான் நாற்காலி மேல் ஏறி ஆடினேன். கொக்கைக் கொடுத்ததே தப்பு என்று இரண்டு மாசம் கத்திய நான், பட்டாணி பட்டாணி என்று நெஞ்சு வெடிக்கக் கத்தினேன். திரும்பிப் பார்த்தால் அத்தை அழுதுகொண்டிருந்தார்.

"என்ன அத்தை? ஜெயிச்சுட்டோம்!"

"தெரியுது மாப்பிள்ளை" என்றார். களத்தில் கொக்கு நெட்டுக்கு அடியில் குனிந்து வந்து பட்டாணியின் தலையைக் கலைத்துவிட்டுக்கொண்டிருந்தான். "நல்ல பையன். எவ்வளவு நல்ல பையன். அவனைப் போய்க் கொடுத்துட்டாங்களே."

அவர் தோளில் கையைப் போட்டுக்கொண்டேன். பிறகு இரண்டு பேரும் சேர்ந்து தொண்டை கிழியக் கத்தினோம். எதற்காகக் கத்துகிறோம் என்று ஒரு கட்டத்தில் எங்களுக்கே தெரியவில்லை. மேலே முதலாளிகள் அறையில் மாமனும் மச்சானும் கண்ணாடியைக் குத்திக்கொண்டு குதித்ததாகப் பக்கத்தில் இருந்தவர் சொன்னார். நாங்கள் பார்க்கவில்லை.

வெளியே வந்து பஸ் பிடித்து உட்கார்ந்ததும் என் மனைவி போன் செய்தாள். பேச வாயைத் திறந்தேன், காற்றுத்தான் வந்தது. அத்தையிடம் கொடுத்தேன். அவரிடமிருந்து அதுவும் வரவில்லை. என்னிடம் நீட்டினார். நான் அவரிடம் நீட்டினேன்.

"ஹலோ? ரெண்டு பேருக்கும் தொண்டை போச்சா?" என்றாள் அவள். சற்று நேரம் காத்திருந்து பார்த்தாள். "அப்பாடா. இன்னைக்காவது நான் பேசறதைக் கேளுங்க."

பஸ் கிளம்பியது. அவள் சொல்ல ஆரம்பித்தாள். அத்தையும் நானும் ஆளுக்கொரு பக்கம் போனில் காதை வைத்துக்கொண்டு, பல்லைக் காட்டிச் சிரித்தபடியே கேட்டுக்கொண்டு வந்தோம்.